முந்திரிப் பழம் முற்றிக் கனிந்த பின்னர் அடையும் மாறுதல்களும், அதனை உபயோகிக்கும் வழிகளும்

விருத்தாசலத்துக்குப் பழமலை என்றொரு பெயர் உண்டு. இப்பெயரில் உள்ள 'பழ' என்னும் சொல் முதுமையைக் குறிப்பதேயன்றிக் கனியைக் குறிப்பதன்று என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் பங்குனி, சித்திரை மாதங்களில் நமது தாலுகாவின் செம்மண் தோப்புகளின் வழியே நடந்து செல்பவருக்கு அதன் மற்றப் பொருளே நினைவுக்கு வரும். மரத்தடிதோறும் மஞ்சளும் சிவப்புமாக முந்திரிப் பழங்கள் உதிர்ந்து கிடக்கும். கொட்டையை மட்டும் திருகி எடுத்துக்கொண்டு, பழத்தை நின்ற இடத்திலேயே எறிந்துவிட்டுப் போவது வழக்கம். நண்பகலுக்குள் அதில் ஈ மொய்க்கிறது. மறுநாள் கள்ளின் வாசனை வீசுகிறது. மூன்றாம் நாள் கறுத்து மண்ணோடு மண்ணாகிறது.

எறியப்படுவது எவ்வளவு என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோ பழம் உண்டு. ரகத்தைப் பொறுத்து இது கூடவும் குறையவும் செய்யும். ஓர் அங்கத்தினர் தம் நிலத்தில் 200 கிலோ கொட்டை எடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் அந்தப் பருவத்தில் 1,600 கிலோ பழத்தைத் தரையில் விட்டு வருகிறார். தம் விளைச்சலில் ஒன்பது பங்கில் ஒரு பங்கையே அவர் வீட்டுக்குக் கொண்டு வருகிறார் என்பது இதனால் விளங்கும். அந்த ஒரு பங்கையே நம்பியிருப்பதன் அபாயத்தை நமது ஜில்லா 2011-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ஆம் தேதி கண்டது. அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பல ஆண்டுகளாகப் பலன் தந்துகொண்டிருந்த முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. புதிதாக வைத்த கன்று காய்ப்புக்கு வரும் வரையில் எஞ்சி நின்ற மரங்களே குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த வருஷங்களிலும் நாம் பழத்தை எறிந்துகொண்டுதான் இருந்தோம்.

முந்திரி நமது நாட்டு மரமன்று. பிரேஸில் தேசத்தில் தோன்றியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதனை மேற்குக் கரையில் கொண்டுவந்து வைத்தனர். நாம் பழம் என்று சொல்லும் பாகம் சாஸ்திரப்படி பழமன்று. காம்பு பருத்துச் சதைப்பற்று அடைந்ததே அது. உண்மையான கனி அடியில் தொங்கும் கொட்டையே. கொட்டை முதலில் வளர்ந்து தன் முழு அளவை அடைந்த பின்னரே காம்பு பருக்கத் தொடங்குகிறது. இதனை அங்கத்தினர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு இது அவசியமாகும்.

இங்கிலீஷ்காரர்கள் இக்காம்பினை முந்திரி ஆப்பிள் என்றே அழைத்தார்கள். நிறத்தில் ஒருவாறு ஒற்றுமை இருப்பினும், கனிந்து முதிரும் விதத்தில் ஆப்பிளுக்கும் இதற்கும் பெரும் பேதம் உண்டு. காஷ்மீரத்திலிருந்தும் ஹிமாசலத்திலிருந்தும் வந்து நம் கடைத்தெருவில் விற்கும் ஆப்பிளை எடுத்துக்கொள்வோம். அது மரத்தினின்று பறிக்கப்பட்ட பிறகும் உயிருள்ள பொருளைப்போல் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. அதனிடமிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிப்படுகிறது. அவ்வாயு பழத்தை மேலும் கனியச் செய்கிறது. பக்கத்தில் உள்ள பழங்களையும் கனியச் செய்கிறது. ஒரு கூடையில் ஒரு பழம் முதிர்ந்தால் மற்றவையும் விரைவில் முதிர்வதற்குக் காரணம் இதுவே. உள்ளிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, புளிப்பு குறைகிறது, சதையின் அணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை கரைந்து போகிறது. அதனால்தான் நாட்பட்ட ஆப்பிள் கடிக்கும்போது 'நறுக்'கென்று இராமல் மாவுபோல் உதிர்கிறது. அப்படிப்பட்ட பழத்தைச் சீமையில் யாரும் எறிவதில்லை. தோல் நீக்கி வேகவைத்துக் கூழாக்குகிறார்கள்; சட்னி செய்கிறார்கள்; சாறு பிழிந்து வினிகர் ஆக்குகிறார்கள். ஆனால் ஜெல்லி செய்வதற்கு மட்டும் அது உதவாது. பெக்டின் போய்விட்ட பழத்தில் ஜெல்லி உறையாது.

ஆப்பிளுக்கு இவ்வளவும் நிகழ வாரங்கள், குளிர்ப்பதன அறையில் வைத்தால் மாதங்கள் ஆகும். முந்திரிப் பழத்துக்கோ நாழிகைக் கணக்கு. மேலும், முந்திரிப் பழம் மரத்தில்தான் கனியும். செங்காயாகப் பறித்து வைக்கோலில் மூடி வைத்தால் மாம்பழம்போல் பழுக்கும் என்று எண்ணுவது வீண். பறித்த கணத்திலிருந்து அது கெடுவதற்கே செல்கிறது. அதன் எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் நீர். பத்துப் பங்கு அளவில் சர்க்கரை. தோல் மிக மெல்லியது. கீழே விழுந்த வேகத்தில் தோல் கிழிந்து, தோலின் மேலேயே காத்திருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உள்ளே புகுந்து, சர்க்கரையை உண்டு சாராயச் சத்தாக மாற்றுகிறது. சித்திரை மாதத்து வெயிலில் இதற்கு ஒரு பகல் போதும். பின்னர் வேறு நுண்ணுயிர்கள் அச்சாராயச் சத்தைக் காடியாக்குகின்றன. கடைசியில் பூஞ்சணம் பிடிக்கிறது.

கனியும் போக்கில் நன்மையான மாறுதல்களும் உண்டு. பச்சையாக இருக்கும்போது தொண்டையைக் கரகரக்கச் செய்யும் துவர்ப்பு, அதாவது டானின் என்னும் சத்து, கனியக் கனியக் குறைகிறது, இனிப்பு கூடுகிறது. 'ஸி' என்னும் ஜீவசத்து நூறு கிராம் பழத்தில் 200 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆரஞ்சுப் பழத்தில் இருப்பது சுமார் 50 மில்லிகிராமே. நாம் காலால் தள்ளிவிட்டுப் போகும் பழத்தில், விலை கொடுத்து நோயாளிக்கு வாங்கிச் செல்லும் பழத்தைப்போல் நான்கு மடங்கு ஜீவசத்து இருக்கிறது. ஆனால் பழம் முதிர்ந்து நைந்து போனால் இச்சத்தும் குறைந்துகொண்டே போகும்.

நாழிகைக் கணக்கு என்று சொன்னேன். அதனை நான் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து அன்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமச் சங்கத்தில் அங்கத்தினர்களைக் கூட்டிப் பழச்சாறு தயாரிக்கலாம் என்று உற்சாகமாகப் பேசினேன். அவர்களும் என் வார்த்தையை நம்பி, மாலையில் பழம் பொறுக்கி, இரவு முழுவதும் கூடையில் வைத்திருந்து, மறுநாள் பத்து மணிக்கு மேல் பிழிந்து, நாற்பது பாட்டில்களில் நிரப்பி அடைத்தார்கள். நான் மேற்பார்வை செய்து பாராட்டிவிட்டு ஊர் திரும்பினேன். மூன்றாம் நாள் இரவில் மூடிகள் ஒவ்வொன்றாய்த் தெறித்தன. இரண்டு பாட்டில்கள் வெடித்தன. நல்ல வேளையாக அருகில் யாரும் இல்லை. செலவு சங்கத்தின் பொது நிதியிலிருந்து ஆனது. அடுத்த தணிக்கையில் அந்த நஷ்டத்தை என் கையாலேயே சிவப்பு மையில் எழுத நேர்ந்தது. அன்று ஒரு மூதாட்டி, "ஐயா, நேத்துப் பழத்துல இன்னைக்குச் சாறு எடுத்தா அது சாறாவா இருக்கும்?" என்று கேட்டார். அவர் அதை முந்திய நாளே சொல்லியிருப்பார். நான்தான் யாரையும் கேட்கவில்லை.

ஆகவே பழத்தின் வயதைப் பார்த்தே அதன் உபயோகத்தைத் தீர்மானிக்க வேண்டும். விடியற்காலையில் உதிர்ந்த, கிழியாத, கெட்டியான பழமே சாற்றுக்கும் பாகுக்கும் ஏற்றது. சூரியன் உச்சிக்கு வருமுன் வேலை முடிந்துவிட வேண்டும். கொட்டையைக் கையால் முரட்டுத்தனமாகப் பிடுங்கினால் பழத்தின் அடிப்பாகம் பிய்ந்து சாறு ஒழுகும். மெல்லிய நைலான் நூலைச் சுருக்கிட்டுக் கொட்டைக்கும் பழத்துக்கும் இடையே இறுக்கி இழுத்தால் இரண்டும் சேதமின்றிப் பிரியும். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மையது. ஓடு உடைந்து அந்த எண்ணெய் சாற்றில் கலந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழங்களை நன்றாகக் கழுவிப் பிழிந்து மெல்லிய துணியில் வடிகட்டுக. நூறு கிலோ நல்ல பழத்திலிருந்து சுமார் அறுபது லிட்டர் சாறு எதிர்பார்க்கலாம். அதிலுள்ள துவர்ப்பை நீக்குவதற்கு மிக எளிய வழி நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் சாற்றுக்கு அரைக்கால் லிட்டர் ஆறிய சோற்றுக் கஞ்சியை ஊற்றிக் கலக்கி அசையாமல் வைத்தால், துவர்ப்புச் சத்து கஞ்சியோடு சேர்ந்து திரிதிரியாகி அடியில் படியும். மேலே தெளிந்த சாற்றை இறுத்துக்கொள்ளலாம். கஞ்சிக்குப் பதிலாக 5 கிராம் ஜவ்வரிசியை வேகவைத்து அக்கூழைச் சேர்ப்பதும் உண்டு. இத்தெளிந்த சாற்றைச் சிறிது சர்க்கரையும் எலுமிச்சஞ் சாறும் சேர்த்து அன்றைக்கே பருகிவிடலாம்; குழந்தைகளுக்கு இது மிக நல்லது. நாட்பட வைக்க வேண்டுமானால் பாகாக்க வேண்டும். ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரையும் 15 கிராம் சிட்ரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கிக் கரைத்து, கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலில் சூட்டோடு நிரப்புக. சர்க்கரை அவ்வளவு செறிவாக இருந்தால் ஈஸ்ட் அதில் பிழைப்பது அரிது. பருகும்போது மூன்று நான்கு பங்கு தண்ணீர் கலந்துகொள்க.

பாத்திரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. இரும்புச் சட்டியிலோ இரும்புக் கத்தியிலோ இந்தச் சாறு பட்டால், துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடி மைபோல் கறுத்துவிடும். பழைய காலத்தில் கடுக்காயிலிருந்து மை செய்தது இவ்விதமே. எவர்சில்வர் அல்லது பீங்கான் பாத்திரமே உத்தமம். மின்சாரக் கம்பிகளுக்கான பீங்கான்களையும் பொம்மைகளையும் சூளையிட்டு வெளியூர்களுக்கெல்லாம் அனுப்பும் நம் விருத்தாசலத்தார், தம் வீட்டுப் பழச்சாற்றை வைக்கப் பிளாஸ்டிக் குடத்தைத் தேடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றும்.

பிரேஸிலின் வடகிழக்கில் சர்க்கரையே சேர்க்காமல் சாற்றைக் காக்கும் முறை ஒன்று உண்டு. சாற்றைத் தெளிவித்துப் பாட்டிலில் அடைத்து, பாட்டிலோடு வெந்நீரில் நெடுநேரம் வைத்துக் காய்ச்சுகிறார்கள். பழத்தின் சொந்தச் சர்க்கரையே லேசாக முறுகிப் பொன்னிறம் அடைகிறது. கஜுயினா என்று அதற்குப் பெயர். பியாவி மாகாணத்தில் இதனைத் தயாரிக்கும் வழக்கத்தை 2014-இல் அத்தேசத்துப் பண்பாட்டுச் சொத்து என்றே அரசாங்கம் அங்கீகரித்தது. மரத்தை நமக்குத் தந்தவர்களின் நாட்டில் பழத்துக்கு இவ்வளவு கௌரவம். ஆயினும் சூட்டின் அளவு தவறினால் பாட்டில் வெடிக்கும் என்பதால், முறையான பயிற்சியின்றி இதில் இறங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

காலையில் பொறுக்கியதில் சற்று மெத்தென்று ஆகிவிட்ட, ஆனால் வாசனை மாறாத பழங்களை ஜாம் செய்யலாம். அவற்றை நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக் கலந்த நீரில், தினமும் நீரை மாற்றி, மூன்று நாள் ஊறவைத்தால் துவர்ப்பு நீங்கும். அல்லது இட்லிப் பானையில் கால் மணி நேரம் ஆவியில் வைத்தாலும் பெரும்பகுதி போய்விடும். பின்பு நல்ல நீரில் அலசி, மசித்து, சம எடை சர்க்கரை சேர்த்துக் கிண்ட வேண்டும். முந்திரிப் பழத்தில் பெக்டின் இயல்பாகவே குறைவு. முதிர்ந்த பழத்தில் இன்னும் குறைவு. அதனால் தனியாகச் செய்தால் ஜாம் இறுகாமல் கூழாகவே நிற்கும். சற்றுக் காய்ப்பருவமுள்ள மாங்காய் விழுதில் ஒரு பங்கு கலந்தால் புளிப்பும் கிடைக்கும், இறுக்கமும் கிடைக்கும். இரண்டும் ஒரே பருவத்தில் வருவது நமக்கு அதிர்ஷ்டம். காற்றில் உதிர்ந்துவிடும் பச்சைக் காய்களை ஊறுகாய் போடலாம். ஆனால் ஊறுகாய்க்காகக் காயை மரத்திலிருந்து பறிக்கக் கூடாது. கொட்டை முற்றாமல் வீணாகும்.

வாசனை மாறிய பழத்தின் நிலை என்ன? இங்கேதான் முதிர்ந்த பழத்துக்கும் அழுகிய பழத்துக்கும் உள்ள பேதத்தை அறிய வேண்டும். மெத்தென்று ஆனது முதிர்ந்தது. நுரையும் காடி வாசனையும் வந்தது புளித்தது. பூஞ்சணம் பிடித்தது அழுகியது. பூஞ்சணம் பிடித்ததை மனிதர் உண்ணும் எதிலும் சேர்க்கவே கூடாது. ஆப்பிளில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் பாட்டுலின் என்னும் விஷத்தை உண்டாக்கி, அழுகல் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் அதைப் பரப்புகிறது. ஆகவே அழுகிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சாறு பிழியும் சிக்கனம் சிக்கனமாகாது. முந்திரிக்கும் அந்த எச்சரிக்கையையே கைக்கொள்வது நலம்.

புளித்த பழத்தைக் கோவாவில் காய்ச்சி ஃபெனி என்னும் மது வடிக்கிறார்கள்; 2009-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே அது சட்டப்படி நடக்கும் தொழில். நமது ராஜ்யத்தில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் அமலில் இருக்கிறது. அனுமதியின்றி மது காய்ச்சுவது குற்றம். அச்சட்டம் ஒருபுறமிருக்க, தோப்பில் ஒளித்துக் காய்ச்சுவதைக் குடித்துக் கண்ணையும் உயிரையும் இழந்தோர் கதை நாம் அறியாததன்று. வினிகர் செய்வதில் இந்த ஆபத்து இல்லை. ஆயினும் சாறு முதலில் சாராயச் சத்தாகி, அதன் பின்னரே காடியாக மாறுகிறது. எனவே வியாபார அளவில் வினிகர் செய்ய விரும்பும் சங்கம், பீப்பாய் வாங்குவதற்கு முன் மதுவிலக்கு அதிகாரிகளுக்கு எழுதிப் பதில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பிழிந்த சக்கை, மத்தியானத்துப் பழம் ஆகியவை மாட்டுக்கு உதவும். பிளந்து மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் உலர்த்தித் தூளாக்கித் தவிட்டோடு கலந்து கொடுக்கலாம். துவர்ப்புச் சத்து அதிகமானால் தீவனத்தின் புரதம் மாட்டுக்குச் சேராது. ஆதலால் சிறிது சிறிதாகப் பழக்குக. மாடு தானே தோப்பில் புகுந்து புளித்த பழத்தை வயிறு முட்டத் தின்பது வேறு விஷயம். அது வயிற்றில் அமிலத்தைப் பெருக்கி மாட்டைப் படுக்க வைத்துவிடும்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியே செய்ய இயலுமா என்று கேட்டால், இயலாது என்பதே என் அபிப்பிராயம். பால் கறந்தவன் அதைத் தானே பட்டணத்துக்கு எடுத்துச் செல்வதற்குள் திரிந்துவிடும் என்பதனால் அல்லவா பால் சங்கங்கள் தோன்றின? குஜராத்தில் கைரா ஜில்லாவில் 1946-இல் பதிவான சங்கம், காலையும் மாலையும் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் பாலை அளந்து வாங்கியது. முந்திரிப் பழமும் பாலைப் போன்றதே. தோப்புகளுக்கு நடுவில் நிழலுள்ள ஓர் இடம், ஒரு தராசு, தண்ணீர், காலை எட்டு மணிக்கு மேல் வரும் பழத்தை வாங்க மறுக்கும் ஒரு கண்டிப்பான காரியதரிசி: தொடக்கத்துக்கு இவை போதும். மறுப்பதுதான் கடினம். சொந்தக்காரர் கூடையைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? ஆனால் ஒரு கூடை புளித்த பழம் ஒரு நாள் சாறு முழுவதையும் கெடுக்கும்.

செலவில் பெரும்பகுதி பழத்துக்கன்று, சர்க்கரைக்கும் பாட்டிலுக்குமே. அறுபது லிட்டர் சாற்றைப் பாகாக்கத் தொண்ணூறு கிலோ சர்க்கரை வேண்டும். இதைச் சங்கம் மொத்தமாக வாங்க வேண்டும். பாட்டில் கடைசியில் எங்கே விற்கும் என்பதை அதற்கு முன்னரே விசாரித்து வைக்க வேண்டும். விற்பனைக்கு இறங்குமுன் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவும் செய்துகொள்ள வேண்டும். முதல் வருஷம் அங்கத்தினர் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் செய்து பார்ப்பதே விவேகம். நாற்பது பாட்டில் நஷ்டத்தைக் கணக்கில் எழுதியவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். ரகங்கள், சாகுபடி முதலியவைபற்றிய சந்தேகங்களுக்கு விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருக்கிறது. வி.ஆர்.ஐ. வரிசை முந்திரி ரகங்கள் அங்கிருந்து வந்தவையே.

பழத்துக்காகக் கொட்டையைக் கெடுத்துக்கொள்ளலாகாது என்பதையும் சொல்ல வேண்டும். கொட்டை முன்னதாகவே தன் அளவை எட்டிவிடுகிறது என்று மேலே கூறினேன். அளவு வந்துவிட்டதே என்று பழத்தைப் பளபளப்பாக இருக்கும்போதே மரத்தினின்று பறித்தால், பருப்பு முழுதும் முற்றியிராது. உலர்ந்தபின் சுருங்கும், எடை குறையும், வியாபாரி விலையைக் குறைப்பார். தானே உதிர்ந்த பழத்தின் கொட்டையே முற்றிய கொட்டை. உதிரும் பழம் அடிபடாதிருக்க, மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்து, உலர்ந்த சருகோ வைக்கோலோ பரப்பி, தினமும் விடியற்காலையில் ஒருமுறை பொறுக்க வேண்டும். நான்கு நாளைக்கு ஒருமுறை பொறுக்கும் வழக்கத்தில் பழம் மட்டுமன்று, ஈரச் சதையோடு ஒட்டிக் கிடந்த கொட்டையும் நிறம் மங்கிப் பூஞ்சணம் பிடிக்கிறது. தினமும் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்திய கொட்டையைக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும். சாக்கில் கட்டுவதற்கு அதுவே அடையாளம்.

இத்தனைக்கும் உதவாத பழம் மிஞ்சவே செய்யும். அதை மரத்தடியில் விடாமல் குழியில் இட்டு, ஒரு கனம் பழம், ஒரு கனம் சாணம், ஒரு கனம் முந்திரிச் சருகு என்று மாற்றி மாற்றி அடுக்குக. புளிப்பு மிகுதியால் மண்புழுவை உடனே விட்டால் நில்லாது. இரண்டு மூன்று வாரம் மக்கிச் சூடு தணிந்தபின் விட்டால், ஆடி மாதத்து மழைக்கு முன் மரத்துக்கு இடத் தக்க எருவாகிவிடும்.